தொட்டி வைத்தார்கள், குடித்தது யார்?

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகள் ஏராளம். பிழைத்த குழந்தைகளுக்காக ஐ.நா.வின் யுனிசெஃப் வந்தது. குடிநீர்த் தொட்டிகள் வைத்தது, தட்டம்மைத் தடுப்பூசிக்குத் துணை நின்றது. முகாம்களில் பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவவில்லை. இதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் 2005 ஜனவரியில், அதே நாகையிலிருந்து ஏ.எஃப்.பி. செய்தியாளர் நேரில் கண்டு எழுதியதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். யுனிசெஃப் வைத்த தொட்டிகளில் தலித்துகள் தண்ணீர் குடிக்கவிடாமல் தடுக்கப்பட்டார்கள். சொன்ன காரணம், தீட்டு. அலைக்குச் சாதி தெரியாது. குழாயடியில் நின்றவர்களுக்குத் தெரிந்திருந்தது.

'தடுத்தது உள்ளூர்ச் சாதியினர், யுனிசெஃப் என்ன செய்யும்?' என்று கேட்கலாம். தொட்டியை எங்கே வைப்பது, யார் பொறுப்பில் விடுவது என்பதை உதவி செய்பவர்தான் முடிவு செய்கிறார். நம் கிராமங்களில் 'பொது இடம்' என்றால் ஊர்த்தெரு. சேரி அதில் அடங்காது. இதைக் கணக்கில் எடுக்காத நடுநிலை, ஆதிக்கச் சாதியின் கையில் சாவியைக் கொடுப்பதுதான்.

இருபது ஆண்டுகள் கழித்து ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. மண்டகப்பட்டுக்காரனான நான் அந்த வாரம் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் நிவாரண வேலையில் இருந்தேன். ஓரிடத்தில், ஒரு தொண்டு நிறுவனத்தின் வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றது. ஊர்ப் பெரியவர்களிடம் மூட்டைகளை இறக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு போனது. காலனிப் பிள்ளைகளுக்குப் பால் பவுடர் மறுநாள்தான் வந்தது, மிச்சம் மீதியாக. அந்த நிறுவனத்தின் அறிக்கையில் அந்தக் கிராமம் 'உதவி பெற்ற கிராமம்'.

சேரிக்குத் தனித்தொட்டி வைப்பது தீர்வாகாது. அன்றைய தாகம் தீரும், தீண்டாமைக்கு அரசு முத்திரையும் விழும். வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது, 2022 டிசம்பரில் குழந்தைகள் நோயில் விழுந்த பிறகே வெளியே தெரிந்தது.

என் கோரிக்கை எளிது. பொதுத் தொட்டியைச் சேரியில் வையுங்கள். பொறுப்பை அங்குள்ள பெண்களிடம் கொடுங்கள். ஊரார் அங்கே வந்து குடிக்கட்டும். தடுப்பவர்கள் மீது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுங்கள். எத்தனை தொட்டி வைத்தோம் என்பதோடு அறிக்கையை முடிக்காதீர்கள். எந்தத் தெருப் பிள்ளை குடித்தது என்றும் எழுதுங்கள்.

அடுத்த மழைக்கு நிவாரண வண்டியில் ஏறப்போகும் தோழர்களே, மெயின் ரோட்டில் இறங்கிவிடாதீர்கள். வண்டியைக் காலனி வரை ஓட்டச் சொல்லுங்கள்.