சுடுகிறவன்கூடப் புல் விதைக்கிறான்

எண்ணி முடித்துவிட்டார்கள். 2025 மார்ச் 15, சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 8.05 வரை இலங்கை முழுவதும் வளவிலும் தோட்டத்திலும் நின்று குரங்கு, மந்தி, மர அணில், மயில் என்று பார்த்துப் பார்த்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தோம். ஜூன் மாதம் முடிவும் வந்தது. குரங்குகள் 51 இலட்சத்துக்கு மேல். மயில்கள் 42 இலட்சமளவில். ஐந்து நிமிடக் கணக்கை எப்படி நம்புவது என்று அப்போதே பலர் கேட்டார்கள். அதை மறுபடி கிளற நாம் வரவில்லை. நமது கோபம் வேறு. அந்தப் படிவத்தில் மானுக்கு இடமில்லை.

காரணம் தெரிந்ததுதான். பயிரை அழிக்கும் பிராணிகளின் கணக்கு அது. நமது சோற்றில் கை வைப்பவற்றை எண்ண வேண்டும். எவற்றின் சோற்றில் நாம் கை வைத்தோமோ அவற்றை எண்ணத் தேவையில்லை. இப்படி முடிவெடுத்தவர்கள் திருகோணமலைக்கு வந்து ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்திருந்தால் அந்தப் படிவத்தில் இன்னொரு கட்டம் போட வெட்கப்பட்டிருக்க மாட்டார்கள்.

பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிலும், டச்சுக்குடாக் கரையிலும், நகர வீதிகளிலும் புள்ளிமான்கள் கூட்டம் கூட்டமாகப் படுத்துக் கிடக்கின்றன. வெளியூரார் கைபேசியை நீட்டிப் படம் பிடிக்கிறார்கள். சுற்றுலா விளம்பரங்களுக்கும் மான் தேவைப்படுகிறது. படத்தில் வராத ஒன்று இருக்கிறது. கடை சாத்தும் நேரத்தில் ஒரு பெட்டை மான், யாரோ மதிலோரம் வீசிய சோற்றுப் பொதியை முன்னங்காலால் மிதித்துக்கொண்டு, குழம்பு ஊறிய பொலித்தீன் லஞ்ச் சீட்டைச் சோற்றோடு சேர்த்தே மெல்லும். உப்பும் எண்ணெயும் பட்ட தாள் அதற்குத் தீனியாகவே மணக்கிறது. மான் அசைபோடும் சாதி. பசுவுக்கு இருப்பதுபோல நான்கு அறை இரைப்பை அதற்கும். உள்ளே போன பொலித்தீன் செரிக்காது, வெளியேயும் வராது. முதல் அறையிலேயே சுருண்டு திரண்டு கிடக்கும். வயிறு நிறைந்துவிட்ட உணர்வில் மான் மேய்வதைக் குறைக்கும். எலும்பு தெரியத் தெரிய, வயிறு மட்டும் புடைத்தபடி, பட்டினியில் சாகும். மிருக வைத்தியர்கள் வயிற்றைக் கிழித்துக் கிலோக்கணக்கில் பொலித்தீன் எடுப்பதைப் பற்றிய செய்தி நமக்குப் பழகிப்போய்விட்டது, பழகிப்போனதுதான் கொடுமை.

பொலித்தீன் ருசிக்காக எந்த மானும் ஊருக்குள் வருவதில்லை. புல் இல்லாததால் வருகிறது. கச்சான் அடிக்கத் தொடங்கினால் புரட்டாதி முடியும்வரை கோட்டைக்குள் இருக்கும் கொஞ்சப் புல்லும் கருகி வேரோடு போய்விடும். மாரிக்கு முளைப்பதையும், விட்டு விட்டு மேயவிடாவிட்டால், அத்தனை வாய்களும் சேர்ந்து நிலமட்டத்துக்குக் கொறித்துவிடும். முன்பு மேய்ந்த வெட்டைகளில் இன்று மதிலும் வாகனத் தரிப்பிடமும் ஹோட்டலும் நிற்கின்றன. மான்களை வைத்துப் பெயர் வாங்கும் இந்த நகரில், அவற்றுக்கென்று வேலி அடைத்து, விதை தூவி, தண்ணீர் விட்டு வளர்க்கிற, கண்ணில் படும்படியான ஒரு புல்வெளி எங்கே?

இதை நினைக்கும்போதெல்லாம் அமெரிக்க வேட்டைக்காரர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அங்கே இலையுதிர் காலத்தில் மான் வேட்டைக்குச் சட்டப்படி ஒரு பருவம் உண்டு. அதற்கு மாதக்கணக்கில் முன்பே காட்டோரத்தில் ஒரு துண்டு நிலத்தைத் திருத்துகிறார்கள். மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். புளிப்பு மண் என்றால் சுண்ணாம்பு தூவுகிறார்கள். குளோவரும் ஓட்ஸும் டர்னிப்பும் விதைக்கிறார்கள். உறைபனி பட்டால் டர்னிப் இலை இனிக்கும், அப்போது மான் விரும்பித் தின்னும் என்பதுவரை கணக்குப் போடுகிறார்கள். களை பிடுங்கி, உரமிட்டு, ஒரு பகுதியை மேய விட்டு மறு பகுதியைத் தேற விடுகிறார்கள். கடைசியில் பரணில் ஏறி உட்கார்ந்து சுடுகிறார்கள் என்பது உண்மைதான். அதை நாம் புகழவில்லை. ஆனால் சுடுவதற்காகக் காத்திருக்கிறவன் அந்த மானுக்கு ஊட்டுகிற அளவில் பத்தில் ஒரு பங்கை, காக்கிறோம் என்று பலகை நட்டவர்கள் ஊட்டியிருக்கிறார்களா?

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். நமது வரண்ட காடுகளில் களவாக மான் அடிக்கிறவனுக்கும் இந்த வித்தை தெரியும். காய்ந்த பற்றைக்கு நெருப்பு வைப்பான். மழை விழுந்ததும் கருகிய தரையில் இளம்புல் தலைகாட்டும். மான் அங்கே வரும் என்று தெரிந்து சுருக்கு வைப்பான், கட்டுத்துவக்குக் கட்டுவான். குற்றவாளிதான், பிடித்து உள்ளே போட வேண்டியவன்தான். ஆனாலும் மானுக்குப் புல் வேண்டும் என்ற அரிச்சுவடி அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

1937 இல் இங்கே தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில், துவக்கு, தோட்டா வரியைக் காட்டுயிர்களுக்கே ஒதுக்கும் சட்டம் வந்தது. அவர்களது சட்டம் பணத்தைக் கண்டுபிடித்தது. நமது சட்டம் எதைச் செய்யக்கூடாது என்பதைச் சொன்னது. கொல்லாதே, விற்காதே, வீட்டில் வளர்க்காதே, எல்லாம் சரி. யார் புல் போடுவது? கோட்டைக்குள் என்றால் படையினரின் இடம் என்பார்கள். வீதிக்கு வந்துவிட்டால் நகர நிர்வாகத்தின் தலைவலி. செத்துக் கிடந்தால் மட்டும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உரியது. உயிரோடு இருக்கும் மான்தான் யாருக்கும் உரியதல்ல.

மிச்சப் பாரத்தைப் பக்தர்கள் சுமக்கிறார்கள். வாழைப்பழம், பிஸ்கட், கடலை என்று கையில் இருப்பதைக் கொடுக்கிறார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் 2020 இல் ஊரடங்கு வந்து கோயில் வழி வெறிச்சோடியபோது அந்தக் கை நின்றுபோனது. மான்கள் ஆளற்ற வீதிகளில் தீனி தேடி அலைந்தன. யாரோ ஒருவரின் இரக்கத்தில் ஒரு மந்தையைக் கட்டிவைத்தால் இதுதான் கதி. தவிர, ஒரே இடத்தில் கொட்டும் தீனிக்கு மான்கள் முட்டி மோதிக் கூடுவதால் நோயும் கூடவே பரவும். இதற்காகவே அமெரிக்காவில் சில மாநிலங்கள் தீனி குவிப்பதைத் தடைசெய்து, விதைத்த நிலத்தை மட்டும் அனுமதித்திருக்கின்றன.

முடிவெடுப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது என்று நாம் நம்பவில்லை. அவர்களது பழைய வரவு செலவைத்தான் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 2017 செப்டெம்பரில் லஞ்ச் சீட்டுக்குத் தடை என்றார்கள். மெல்லிய பைகளுக்கும் தடை என்றார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதே தாள் மான் வயிற்றில் இருக்கிறது. நமது மாகாணத்திலேயே அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு ஆண்டுகளில் 20 யானைகளளவில் செத்தன என்று 2022 இல் உலகம் முழுக்கச் செய்தி போனது. அங்கே மின்வேலி போடுகிறோம் என்று அதற்கு எத்தனையோ காலம் முன்பே சொல்லியிருந்தார்கள். 2021 இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தி, வயலைக் காயவிட்டு, அதே வருடம் நவம்பரில் பின்வாங்கினார்கள். 2023 இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பப் போவதாகப் புறப்பட்டார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனதும் அப்படி எதுவும் செய்யவில்லை என்றார்கள். இரண்டு வருடத்தில் அதே குரங்கை எண்ண ஐந்து நிமிடம் ஒதுக்கினார்கள். ஆள் மாறலாம், கட்சி மாறலாம். கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நிலத்தைப் பார்க்காமல் எழுதும் கை மட்டும் மாறுவதில்லை.

எண்ணத் தெரியாதவர்களும் அல்லர். இதே திருகோணமலையில் வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகள் 99 ஐயும் ஒன்று விடாமல் எண்ணி, 2022 ஜனவரியில் 61, 14, 24 என்று பங்கு பிரித்தார்களே! துருப்பிடித்த இரும்புக்கு இவ்வளவு துல்லியம். பக்கத்தில் மூச்சு விடும் மந்தைக்கு ஒரு கட்டம்கூட இல்லை.

மான்களைப் பிடித்து எங்கேயாவது கொண்டுபோய் விடலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும். புள்ளிமான் பயந்த பிராணி. பிடிக்கும்போதே அதிர்ச்சியில் சாகக்கூடியது. அந்தச் சிந்தனையைத் தயவுசெய்து மேசையிலேயே விட்டுவிடுங்கள். சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும், படையினர் உட்பட, ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து, யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வைக்கட்டும். மாடு வளர்க்கும் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் எந்தப் புல்லை எப்போது போடலாம் என்று சொல்லும். அதற்கு நிபுணர் குழு தேவையில்லை. எப்படிச் செய்வது என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும். செய்யாமலிருக்க மட்டும் இனிக் காரணம் தேடாதிருக்கட்டும்.

ஐப்பசியில் மழை வரும். விதை அதற்கு முன் நிலத்தில் இருக்க வேண்டும்.