தடை வர்த்தமானியில், தாளோ சோற்றின் அடியில்!

சட்டம் இயற்றுவதிலே நம் நாட்டு ஆட்சியாளரை விஞ்சியவர் எவருமிலர்; இயற்றிய சட்டத்தை மறப்பதிலும் அவர்களை விஞ்சியவர் எவருமிலர். இதற்குச் சான்று தேடிப் பாராளுமன்றப் பதிவேடுகளைப் புரட்டவேண்டியதில்லை. நண்பகல் வேளையிலே கந்தோர் மேசைமீது பிரிக்கப்படும் ஒரு சோற்றுப் பார்சலே போதிய சான்றாகும்.

2007 ஜனவரி 1 ஆம் திகதி முதல் 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்த தடிப்பும் உடைய பொலித்தீன் கூடாது என்றார்கள். 2017 செப்டெம்பர் 1 ஆம் திகதி முதல், ‘லஞ்ச் சீற்’ என்று கடைக்காரர் அழைக்கும் பொலித்தீன் சோற்றுத் தாளும், ரெஜிபோம் உணவுப் பெட்டியும் கூடாது என்றார்கள். 2023 ஒக்டோபர் 1 ஆம் திகதி முதல் பிளாஸ்ரிக் தட்டு, கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல், இடியப்பத் தட்டு ஆகியனவும் கூடாது என்றார்கள். 2025 நவம்பர் 1 ஆம் திகதி முதல் சொப்பிங் பையை இலவசமாகக் கொடுத்தலாகாது என்றார்கள்.

தடைமேல் தடை! 18 ஆண்டுகளுக்கு மேலாகத் தடை! ஆயினும், யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ திருகோணமலையிலோ மட்டக்களப்பிலோ ஒரு சாப்பாட்டுக்கடைக்குள் நுழைந்து பாருங்கள். சோற்றைக் கட்டிக் கொடுப்பதற்கு மட்டுமா அந்தத் தாள்? கடையிலே அமர்ந்து உண்பவனுக்கும் தட்டின்மேல் தாள் விரித்தே சோறு படைக்கும் கடைகள் எத்தனை! தட்டு இருக்கின்றது, கழுவுவதற்குத் தொட்டியும் இருக்கின்றது. ஆயினும் தட்டுக்கு ஒரு சட்டை! பத்து நிமிடம் அணிந்து கழற்றும் அந்தச் சட்டை, அதை அணிவித்தவனுடைய பேரப்பிள்ளைகளின் காலத்திலும் மண்ணுக்குள் கிடக்கும். இதனினும் பெரிய மடமை வேறுண்டோ?

32 உயிர்களுக்குப் பின்னும்

2017 ஆம் ஆண்டுத் தடை ஆட்சியாளரின் தூரநோக்கிலே பிறந்ததன்று. பிணக்குவியலின் மேல் பிறந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 14 ஆம் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிலே குப்பைமலை சரிந்து வீடுகளை மூடிற்று. 32 பேர் மாண்டனர். ஊர் ஊராய்ச் சேர்ந்த கழிவைக் கொண்டுபோய், ஏழைகள் வாழும் குடிசைகளுக்கு அருகிலே ஆண்டாண்டாய்க் குவித்ததன் பயன் அது. நாடு அழுதது. சில மாதங்களிலே வர்த்தமானி வந்தது. பின்னர் கண்ணீர் காய்ந்தது. வர்த்தமானியும் தூசு படிந்தது.

அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே குப்பைமேட்டை நாடி வந்த யானைகள் பிளாஸ்ரிக்கை உண்டு மடிந்த செய்தி 2022 ஜனவரியிலே உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. எட்டாண்டுக் காலத்தில் ஏறக்குறைய 20 யானைகள் அங்கே இறந்தன. யானை பெரிய விலங்கு. ஆதலால் அதன் சாவு செய்தியாயிற்று. வீதியோரத்திலே சோற்று மணம் பற்றிய தாளை மென்று விழுங்கி, இரைப்பை அடைபட்டு, வயிறு ஊதிச் சாகும் நம் கமக்காரனுடைய பசுவுக்கு எந்தப் பத்திரிகை இரங்கற்பா பாடிற்று?

கமக்காரரே, இது உங்கள் நிலம்!

பட்டணத்துக் குப்பை பட்டணத்திலேயே நிற்பதில்லை. அது காற்றிலே பறந்து வேலியிலே சிக்குகின்றது. மாரி வெள்ளத்திலே மிதந்து வாய்க்காலை அடைக்கின்றது. எருவோடு கலந்து தோட்டத்துக்கு வருகின்றது. மண்வெட்டியைப் போட்டால் மண் வருகின்றது. மண்ணோடு பொலித்தீனும் வருகின்றது. அது கிடக்கும் இடத்திலே நீர் இறங்காது, வேர் பரவாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றில்லை. சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளுக்கூடாக இறங்கும் மழைநீரே நமது கிணற்று நீர்; குடிப்பதும் அதுவே, இறைப்பதும் அதுவே. மேலே போடுவது கீழே இறங்கும் பூமி இது. இத்தகைய பூமியிலே குப்பைமேடு வளர்ப்பது, தன் கிணற்றிலே தானே நஞ்சு கரைப்பதற்கு ஒப்பாகும். சரி, எரித்துவிடலாமே என்பார் உளர். திறந்த வெளியிலே பிளாஸ்ரிக் குப்பையை எரிப்பதையும் 2017 ஆம் ஆண்டு வர்த்தமானி தடுத்திருக்கின்றது. எரித்தால் அப்பொருள் அழிந்துவிடுவதில்லை. மண்ணிலே கிடந்த கேடு நம் குழந்தைகளின் நுரையீரலுக்குக் குடிபெயர்கின்றது. அவ்வளவே.

கற்றோரே, இது உங்கள் உணவு!

கந்தோரிலும் வைத்தியசாலையிலும் பாடசாலையிலும் கடமை புரியும் கற்றோர் இதைக் கடைக்காரன் விவகாரமென்று ஒதுக்குதல் தகாது. கொதிக்கும் சொதியை மெல்லிய பொலித்தீன் பையிலே ஊற்றி முடிச்சுப் போடுகின்றார்கள். சூடும் எண்ணெயும் சேருமிடத்திலே பிளாஸ்ரிக்கிற் கலந்த இரசாயனப் பொருள்கள் உணவுக்குள் இறங்குதல் எளிதாகின்றது. ரெஜிபோம் எனப்படுவதன் மூலப்பொருளாகிய ஸ்ரைறீனை, மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாகக் கருதத்தக்க பொருள்களின் வரிசையிலே சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2018 இல் சேர்த்தது. மனித இரத்தத்திலேயே நுண்பிளாஸ்ரிக் உண்டென்று நெதர்லாந்து ஆய்வாளர் 2022 இல் வெளியிட்டனர்.

“நாங்கள் கடதாசிக் கோப்பையில் அல்லவோ தேநீர் அருந்துகின்றோம்!” என்று அமைதி கொள்வோரும் உளர். அக்கோப்பையின் உட்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அங்கே ஒட்டியிருப்பதும் பொலித்தீனே! அத்தகைய கோப்பையிலே 100 மில்லிலீற்றர் சுடுநீரை 15 நிமிடம் வைத்தால், ஏறக்குறைய 25,000 நுண்பிளாஸ்ரிக் துணிக்கைகள் அந்நீரிற் கலக்கின்றன என்று கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் 2020 இல் கண்டறிந்தனர்.

இப்போது மற்றொரு மாயம் வந்திருக்கின்றது. ‘உக்கும் பிளாஸ்ரிக்’ என்று பச்சை எழுத்திலே பெயர் பொறித்து விற்கின்றார்கள். சோள மாவிலிருந்து செய்யப்படும் பிளாஸ்ரிக் விரைவாக உக்குவதற்கு 60 பாகை செல்சியஸ் அளவு வெப்பமுள்ள பெரிய பசளை ஆலை வேண்டும். வீட்டுக் கோடியிலே புதைத்தாலோ கடலிலே எறிந்தாலோ அது நெடுங்காலம் அப்படியே கிடக்கும். அத்தகைய ஆலையைக் கட்டாமல், உக்கும் தாளை மட்டும் விற்பது, வண்டி இல்லாத ஊரிலே மாட்டுக்கு இலாடம் அடிப்பது போன்றதாகும்.

குற்றவாளி யார்?

சாப்பாட்டுக்கடைக்காரர் நமது பகைவரல்லர். விறகும் எரிவாயுவும் அரிசியும் ஏறிய விலையில் விற்க, அடுப்பை அணைய விடாமல் காப்பதே அவருக்குப் பெரும்பாடு. அவர் கையிலிருக்கும் தாளைப் பிடுங்குவது எளிது. ஆயிரம் கடைகளுக்கு ஆள் அனுப்பி, ஆங்காங்கே சிலரை நீதிமன்றுக்கு இழுத்து, “சட்டம் நடக்கின்றது” என்று படம் பிடித்துக் காட்டுவதும் எளிது. தாள் பிறக்கும் இயந்திரத்தை நிறுத்துவதன்றோ ஆட்சி?

இந்நாட்டிலே பொலித்தீனுக்கான மூலப்பொருள் விளைவதில்லை. அதன் ஒவ்வொரு மணியும் துறைமுகத்தின் ஊடாகவே வருகின்றது. சுங்கத்திலே அதற்குக் கணக்கு உண்டு. எவர் எவ்வளவு இறக்குகின்றார், எந்த ஆலை எதைச் செய்கின்றது என்று அரசாங்கம் அறிய முடியாதா? அறிய விரும்பவில்லை என்பதே பொருந்தும். 2022 ஏப்பிரலிலே வெளிநாட்டுக் கடனைக் கட்டமாட்டோமென்று கையை விரித்த நாடு இது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இல்லையென்று மக்கள் வரிசையிலே நின்றதை மறந்தோமா? பத்து நிமிடத்திலே குப்பையாகும் தாளுக்காக டொலரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, நம் தோட்டத்திலே இலையை உக்கவிடும் பொருளாதாரத்தை எந்தக் கல்லூரியிலே கற்றார்களோ!

இலை இருக்கின்றது, சந்தை இல்லை

நீர்வேலியிலும் கோப்பாயிலும் உரும்பிராயிலும் வாழை இருக்கின்றது. குலை வெட்டிய மரத்தின் இலைகள் தறையிலேயே வாடி மடிகின்றன. சோளகக் காற்று கிழித்த இலை பந்தியிலே விரிக்க உதவாது. ஆனால் தணலிலே வாட்டினால் அது துவண்டு மடியும், வெடிக்காது. உள்ளே வாட்டிய இலையும் வெளியே கடதாசியுமாகக் கட்டிய சோறு, லஞ்ச் சீற் வருமுன் ஊரெங்கும் பயணம் செய்த சோறுதானே? காய்க்கும் மரத்திலே கண்டபடி இலை வெட்டினால் குலை சிறுக்கும் என்பது உண்மை. பூக்கும் வேளையிலே எட்டு இலையாவது மரத்தில் நிற்கவேண்டும். ஆகவேதான் தமிழகத்திலே இலைக்கென்றே பூவனும் மொந்தனும் தனித் தோட்டமாகப் பயிரிடுகின்றார்கள். இலைக்கு நிலையான விலையும் நாள்தோறும் எடுக்கும் கையும் இருந்தால், அதை இங்கே செய்ய நம் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

வாழைக்கு நீர் வேண்டும். பனைக்கு அதுவும் வேண்டா. கூழுக்குப் பிளாவும், சோற்றுக்குத் தட்டுவமும், பனங்கட்டிக்குக் குட்டானும், மீனுக்கு உமலும் முடைந்து கொடுத்தது அம்மரம். இவை அருங்காட்சியகத்துப் பொருள்களா? பொருளை ஓலையிலே பொதிந்து விற்ற ஒரு சமூகத்தின் கைத்தொழில் இவை. 1978 இலேயே பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அழகிய கைப்பையை முடைந்து விமான நிலையத்திலே விற்பது நன்று. ஆனால் ஓலை முடையும் பெண்ணின் அடுப்பு நாள்தோறும் எரிய வேண்டுமானால், நாள்தோறும் விலைப்படும் பொருளன்றோ வேண்டும்? வன்னிக் குளத்துத் தாமரை இலையும், கமுகம் மடலை அழுத்திச் செய்யும் தட்டும் அவ்வரிசையிலே சேரத்தக்கன.

“இலை விலை கூட, சீற் மலிவு” என்பர். மலிவா? சீற்றின் விலையிலே குப்பை அள்ளும் வண்டியின் செலவு அடங்கியுள்ளதா? அடைபட்ட வாய்க்காலை வெட்டும் கூலி அடங்கியுள்ளதா? செத்த பசுவின் விலை அடங்கியுள்ளதா? ஆலைக்காரன் இலாபத்தை எடுத்துக்கொண்டு, அச்செலவையெல்லாம் நம் தலையிலே கட்டியிருக்கின்றான். மலிவு அவனுக்கு, கடன் நமக்கு!

செய்யவேண்டியவை

அரசாங்கம் செய்யவேண்டியது ஒன்று: தடையைக் கடை வாசலிலன்றி ஆலை வாசலிலும் துறைமுக வாசலிலும் நிறைவேற்றுக. இறக்கும் மூலப்பொருளுக்கும் வெளிவரும் உற்பத்திக்கும் பகிரங்கக் கணக்கு வைத்திடுக.

உள்ளூராட்சி மன்றங்கள் செய்யவேண்டியது மற்றொன்று. 2023 மார்ச்சிலே பதவிக்காலம் முடிந்து, ஈராண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றி அவை கிடந்தன. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடந்தது. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் உபவிதி ஆக்கும் அதிகாரத்தைத் தருகின்றது. அமர்ந்து உண்பவருக்குத் தட்டின்மேல் பொலித்தீன் விரிக்கும் கடைக்கு உரிமப் பத்திரம் இல்லையென்று கூறுக! இந்த ஒன்றுக்கு மாற்றுப்பொருள்கூட வேண்டியதில்லை; தட்டைக் கழுவினாற் போதும். பொதுச்சந்தைகளிலே காலைதோறும் இலை வாங்கி விற்க ஒரு மேடை ஒதுக்குக! கூட்டுறவுச் சங்கங்களிடம் அதை ஒப்படைத்திடுக!

மூன்றாவது கடமை நம்முடையது. கோயில் அன்னதானத்திலே லஞ்ச் சீற் விரிப்பதும், தண்ணீர்ப்பந்தலிலே பிளாஸ்ரிக் கோப்பை நீட்டுவதும், திருமண மண்டபத்தின் பின்புறத்திலே ரெஜிபோம் குவிப்பதும் எந்த அரசாங்கத்தின் சதியுமன்று, நம் சோம்பலே. இறைவனுக்கு இலையிலே படைத்துவிட்டு அடியாருக்குப் பொலித்தீனிலே படைப்பது என்ன ஆசாரம்? கோயில் நிருவாகமும் மண்டப உரிமையாளரும் சிற்றுண்டிச்சாலையுள்ள பாடசாலைகளும் ஆண்டு முழுவதற்கும் இலை எடுப்போமென்று கமக்காரனோடு ஒப்பந்தம் செய்தால், இலைக்குச் சந்தை நாளையே பிறக்கும். கந்தோருக்குச் செல்வோர் வீட்டிலிருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுசென்று கடையிலே நீட்டினால் குறைந்துபோவது கௌரவமன்று; குப்பை ஒன்றே.

நாளொன்றுக்கு 100 பார்சல் கட்டும் ஒரு சிறு கடை, ஆண்டொன்றுக்கு 36,500 தாள்களை இம்மண்ணிலே விதைக்கின்றது. நெல் விதைத்தவன் நெல் அறுப்பான். பொலித்தீன் விதைத்த தலைமுறை எதை அறுக்கும்? வர்த்தமானியை எழுதியவர்கள் அதற்கு விடை கூறப்போவதில்லை. விடையை நாமே கூறவேண்டும்; நாளை மதியச் சோற்றிலிருந்தே கூறத் தொடங்கவேண்டும்.