டேங்க் கம்பெனிக்கு, குளிர் குடித்தனக்காரருக்கு

அமெரிக்கா என்றாலே சுவிட்சைத் தட்டினால் வீடு சூடாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நகரத்துக்கு அது சரி. மினசோட்டா, விஸ்கான்சின், அயோவா மாநிலங்களின் கிராமப்புறத்தில் கதையே வேறு. இயற்கை எரிவாயுக் குழாய் எட்டிப் பார்க்காத பண்ணை வீடுகளின் முற்றத்தில், வெள்ளை நிறத்தில் நீளமாக ஒரு இரும்பு டேங்க் படுத்திருக்கும். உள்ளே இருப்பது புரொப்பேன். தமிழ்நாட்டு சமையல் சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்து வருகிற அதே வாயுதான். இங்கே அது இட்லி வேகவைக்கிறது. அங்கே உறைபனியில் உயிரைக் காக்கிறது. அமெரிக்க வீடுகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்று இதை நம்பித்தான் குளிர்காலத்தைத் தாண்டுகிறது.

ஒவ்வொரு வருடமும் குளிர் தொடங்கும்போது இந்த மக்களுக்கு உபதேச மழை பொழியும். தெர்மோஸ்டாட்டை இரண்டு டிகிரி குறையுங்கள், ஜன்னல் இடுக்கை அடையுங்கள், ஸ்வெட்டர் போடுங்கள், கோடையிலேயே வாயுவை வாங்கி வையுங்கள்... எல்லாம் நல்ல யோசனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் முக்கியமான ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. அந்த டேங்க் யாருடையது?

பல வீடுகளில் அது வீட்டுக்காரருடையது அல்ல. வாயு விற்கும் கம்பெனியுடையது. வாடகைக்கோ "இலவசமாகவோ" கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். வைத்த கம்பெனியைத் தவிர வேறு யாரும் அதில் வாயு நிரப்பக் கூடாது. ஒப்பந்தம் மட்டுமல்ல, பல மாநிலங்களில் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பக்கத்து ஊர்க் கம்பெனி காலனுக்கு 50 சென்ட் குறைத்து விற்றாலும் பயனில்லை. மாற வேண்டுமென்றால் பழைய டேங்கை எடுத்துப் போகக் கட்டணம், மிச்ச வாயுவை உறிஞ்சக் கட்டணம், புது டேங்க் வைக்கக் கட்டணம் என்று வரிசையாக நிற்கும். அதுவும் ஜனவரி மாதப் பனியில் யார் வந்து டேங்கைப் பெயர்ப்பார்கள்?

வணிகவியல் பாடத்தில் இதற்கு "மாறுதல் செலவு" என்று பெயர். வாடிக்கையாளர் விலகுவது எவ்வளவு கடினமோ, விற்பவர் அவ்வளவு துணிச்சலாக விலையை ஏற்றலாம். முதல் வருடம் ஆசை காட்டும் விலை, அடுத்த வருடத்திலிருந்து அசல் விலை. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு விலை இருந்தாலும் ஆச்சரியமில்லை. பெட்ரோல் பங்கில் தொங்குகிற மாதிரி விலைப்பலகை எதுவும் இதற்குக் கிடையாது. ஃபோன் போட்டுக் கேட்டால்தான் தெரியும்.

இது எங்கே கொண்டு போய் விடும் என்பதை 2013-14 குளிர்காலம் காட்டியது. அந்த இலையுதிர் காலத்தில் மக்காச்சோளம் ஈரமாக அறுவடையானது. அதை உலர்த்தும் இயந்திரங்களும் புரொப்பேனில்தான் ஓடுகின்றன, இருப்பு கரைந்தது. கனடாவிலிருந்து மினசோட்டாவுக்கு வாயு கொண்டுவந்த கொச்சின் குழாய்வழி பராமரிப்புக்காக நின்றது. ஏற்றுமதியோ ஏறிக்கொண்டே போனது. அதன்மேல் கடுங்குளிர். அக்டோபரில் 2 டாலரைச் சுற்றி இருந்த ஒரு காலன், ஜனவரி இறுதியில் மத்திய மேற்கு மாநிலங்களில் 4 டாலரைத் தாண்டியது. மினசோட்டா ஆளுநர் மார்க் டேய்ட்டன் அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று.

ஒரு சின்னக் கணக்கு. குளிர்காலத்துக்கு 800 காலன் எரிக்கும் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 டாலர் என்றால் 1,600. 4 டாலர் என்றால் 3,200. கோடையிலேயே முன்பணம் கட்டியவர் தப்பித்தார். ஜூலை மாதம் மொத்தமாக 1,600 டாலர் எடுத்துவைக்க முடியாத ஓய்வூதியக்காரர்? அவர் தேவைக்குத் தேவை கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவார், உச்ச விலையில். ஆக, பணம் இருப்பவருக்கு மலிவு, இல்லாதவருக்கு இரட்டிப்பு. இதற்குப் பெயர் சிக்கனப் பாடமா?

"சட்டம் பாதுகாக்காதா?" என்று கேட்கலாம். மினசோட்டாவில் குளிர்கால விதி என்று ஒன்று இருக்கிறது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை, பணம் கட்ட முடியாத வீட்டின் மின்சாரத்தையும் குழாய் எரிவாயுவையும் எடுத்த எடுப்பில் துண்டிக்க விடாது. புரொப்பேனுக்கு அது பொருந்தாது! லாரி வராவிட்டால் வரவில்லை, அவ்வளவுதான். 1981-ல் தொடங்கிய மத்திய அரசின் எரிபொருள் உதவித் திட்டம் இருக்கிறது, ஆனால் தகுதி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது போய்ச் சேருவதில்லை.

கம்பெனிகள் சொல்லும் பதில் ஒன்றுதான்: பாதுகாப்பு. கண்டவரும் நிரப்பினால் விபத்து நடக்கும் என்கிறார்கள். பயம் நியாயமானது, தீர்வு நியாயமானதல்ல. உரிமம் பெற்ற எவரும் சோதித்து நிரப்பலாம் என்று விதி வைத்தால் போதாதா? சொந்த டேங்க் வைத்திருப்பவர்களின் வீட்டில் அப்படித்தானே நடக்கிறது? பாதுகாப்பு என்பது காரணம் என்றால் அதற்குப் பரிசோதனை போதும், பூட்டு எதற்கு?

செய்ய வேண்டியது பெரிய புரட்சி எல்லாம் இல்லை. சில வருடம் வாடகை கட்டியவர் கேட்டால், தேய்மானம் கழித்த விலைக்கு டேங்கை விற்றே ஆகவேண்டும். விலையை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். குளிர்கால விதியைப் புரொப்பேனுக்கும் நீட்ட வேண்டும். இன்று அமெரிக்கா உள்நாட்டில் எரிப்பதைவிட அதிக புரொப்பேனைக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு விற்கிறது. ஆக, அந்த நாட்டில் வாயுவுக்குப் பஞ்சமில்லை. முற்றத்து டேங்கின் வால்வைத் திறக்கிற உரிமைக்குத்தான் பஞ்சம்.

அதுவரை ஸ்வெட்டர் உபதேசம் செய்பவர்கள், அந்த ஸ்வெட்டரை முதலில் ஒப்பந்தம் எழுதியவர்களிடம் கொண்டுபோய்க் காட்டட்டும்.