விரல்நுனி என்ன, அழகு சாதனமா?

நாலு மாதமாக வயிறு எரிந்துகொண்டிருக்கிறது. இன்று இங்கே கொட்டிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கமணிக்கு வலது கை ஆட்காட்டி விரல் நுனியில், உள்பக்கச் சதையில் ஒரு கட்டி. வலி இல்லை. இரண்டு வருடத்தில் மிளகு சைஸிலிருந்து சுண்டைக்காய் சைஸுக்கு வளர்ந்தது. இங்கே நாக்பூரில் கை அறுவை சிகிச்சை டாக்டரிடம் காட்டினோம். தசைநாண் உறையில் வரும் ஜயண்ட் செல் கட்டி என்றார். புற்றுநோய் இல்லை. ஆனால் கொஞ்சம் மிச்சம் விட்டாலும் திரும்ப வரலாம். தோலோடு ஒட்டியிருந்ததால் தோலையும் சேர்த்தே எடுத்தார்கள்.

எடுத்த இடத்தில் எலும்பும் தசைநாணும் வெளியே தெரிந்தன. வெற்று எலும்பின் மேல் வேறிடத்துத் தோலைச் சும்மா ஒட்டினால் பிடிக்காது. ரத்த ஓட்டத்தோடு வரும் தோல் வேண்டும். அதனால் நடுவிரலின் முதுகுத் தோலை, ஒரு ஓரத்தை மட்டும் அறுக்காமல், கதவு மாதிரி திறந்து ஆட்காட்டி விரலின் மேல் தைத்தார்கள். மூன்று வாரம் இரண்டு விரலும் ஒட்டியபடியே இருந்தன. பிறகு வெட்டிப் பிரித்தார்கள்.

அதன்பின் வந்தது இன்ஷூரன்ஸ் கடிதம். கட்டியை எடுத்த செலவைத் தருவார்களாம். விரலைச் சீரமைத்தது அழகு சிகிச்சையாம், அதற்குப் பணம் கிடையாதாம்.

அழகா? ஐயா, வந்து பாருங்கள். முன்பு ஒரு விரலில் மட்டும் கட்டி இருந்தது. இப்போது இரண்டு விரலிலும் தழும்பு. ஆட்காட்டி விரல் நுனியில் புறங்கைத் தோலின் நிறம். அழகுக்காக யாராவது இப்படிச் செய்துகொள்வார்களா?

ஒழுகும் குழாயை மாற்றச் சுவரை உடைக்கக் காசு தருவேன், உடைத்த சுவரைப் பூசுவது அலங்காரம், அதற்குத் தரமாட்டேன் என்று சொல்வது போல இருக்கிறது.

விரல்நுனி உடம்பிலேயே தொடு உணர்ச்சி மிக அதிகமுள்ள இடங்களில் ஒன்று. ஊசியில் நூல் கோர்ப்பது, பொத்தான் போடுவது, சில்லறை எண்ணுவது எல்லாம் அதை வைத்துத்தான். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில், எலும்பு போகாமல் ஆட்காட்டி விரலின் நுனி மட்டும் துண்டானாலே சம்பாதிக்கும் திறனில் 5 சதவீத இழப்பு என்று எழுதியிருந்தது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்தது இவர்களுக்குத் தெரியவில்லை.

இனி அந்த விதிவிலக்கைப் பார்ப்போம். 2019-இல் ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் ஒரே மாதிரி வகுத்துத் தந்த வாசகம் இது. அழகு சிகிச்சைக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கும் பணம் இல்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின்னான சீரமைப்புக்கு உண்டு. சாதாரணக் கட்டியின் பெயர் அங்கே இல்லை. அதாவது, கட்டி புற்றாக இருந்திருந்தால் கேள்வி கேட்காமல் தந்திருப்பார்கள். புற்று இல்லை என்று சாமிக்கு நன்றி சொன்ன குடும்பத்துக்கு இது அபராதமா?

விலக்கே இல்லாவிட்டால் மூக்கை நிமிர்த்த வருகிறவனும் கிளெய்ம் போடுவான் என்பார்கள். நியாயம்தான், அவனைத் தடுங்கள். ஆனால் அதே வாசகத்தின் பின்பாதியையும் படியுங்கள். உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சை என்று டாக்டர் சான்று தந்தால் பணம் உண்டு. எலும்பு திறந்து கிடப்பது ஆபத்து இல்லையா? அப்படியே விட்டால் சீழ் பிடித்து விரலே போகலாமே!

டாக்டரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு கம்பெனியின் குறைதீர் பிரிவுக்குப் போனேன். இழுத்தடித்துப் பணம் வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரி வரவில்லை.

நான் பேங்க் ஆபீசர். ஷரத்து படிப்பதுதான் என் பிழைப்பு. ஊரைவிட்டு வந்த மற்றவர்கள்? கடிதம் இங்கிலீஷில், கவுன்டரில் பேசுவது ஹிந்தியில். உதவிக்குச் சித்தப்பா, மாமா யாரும் பக்கத்தில் இல்லை. ‘போகட்டும், விடு’ என்று விட்டுவிடுவோம். அதை நம்பித்தான் இந்த மாதிரிக் கடிதங்களே அச்சாகின்றன.

விடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில், திறந்திருந்த எலும்பை மூடவே இந்தச் சிகிச்சை என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். கம்பெனி மறுத்தால் இன்ஷூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ஐஆர்டிஏஐக்கு என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பட்டியலில் ‘கட்டி அகற்றிய பின்’ என்று இரண்டு வார்த்தை சேருங்கள்.

டிஸ்கி: ‘கணக்கு கூடத் தெரியலையா, அது மூணு வார்த்தை’ என்கிறார் தங்கமணி. புது விரலால் எண்ணிக் காட்டுகிறார்.