கம்பெனி கண்ட கிடங்கு

"குடோனுக்கு இன்ஷூரன்ஸ் கட்டியிருக்கிறேன், எனக்கென்ன பயம்?" என்று மீசை முறுக்கும் முதலாளிகளை நாம் அறிவோம். மூட்டை சுமக்கும் தோழர்களும் அதைக் கேட்டு, 'அவர் சரக்கு, அவர் பத்திரம், நமக்கென்ன வந்தது?' என்று இருந்துவிடுகிறார்கள். நமக்கு நிறையவே வந்திருக்கிறது என்கிறோம்.

அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், வெஸ்ட் என்றொரு சிற்றூர். மக்கள் தொகை சுமார் 2,800. அங்கே உழவர்களுக்கு உரம் விற்கும் கம்பெனி ஒன்று அம்மோனியம் நைட்ரேட்டைக் குவித்து வைத்திருந்தது. எப்படிப்பட்ட கிடங்கில்? மரக் கட்டடத்தில். உரத்தைக் கொட்டிவைத்த தடுப்பறைகளும் மரம். தீ மூண்டால் தானே நீர் பொழியும் குழாய்கள் கிடையாது. அந்த உரம் சும்மா கிடந்தால் எளிதில் வெடிப்பதில்லை. நெருப்பில் வெந்து, கரியும் பிறவும் கலந்தால், வெடிமருந்தாகிவிடும். 2013 ஏப்ரல் 17 மாலை தீப்பிடித்தது. செய்தி எட்டிய இருபது நிமிடத்தில், சுமார் 30 டன் உரம் வெடித்தது. பதினைந்து பேர் மாண்டனர். அவர்களில் 12 பேர் தீயணைக்கவும் உதவி செய்யவும் ஓடிவந்தவர்கள்! பள்ளிக்கூடங்கள் சிதைந்தன, முதியோர் இல்லம் சிதைந்தது. பள்ளியில் பிள்ளைகள் இல்லாத நேரம் என்பதை நினைக்கும்போதே நெஞ்சு நடுங்குகிறது.

யாரோ வைத்த தீ என்று 2016-இல் ஒரு விசாரணைத் துறை சொன்னது. அதை ஏற்காதவர்களும் உண்டு. யார் வைத்த தீயாயினும், மரத்தில் கொட்டி வைத்தது யார்?

இனி இன்ஷூரன்ஸ் கதைக்கு வருவோம். அந்தக் கிடங்குக்கு முன்பு காப்பு அளித்த கம்பெனி, குறைகளைக் கண்டது, திருத்தச் சொன்னது. திருத்தப்படவில்லை. பத்திரத்தைப் புதுப்பிக்க மறுத்து விலகிக்கொண்டது. லாபம் பார்க்கும் கம்பெனி அது. தன் பணத்தைக் காத்துக்கொண்டது, அதைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் கிடங்கு மூடப்பட்டதா? இல்லை! வேறொரு கம்பெனி வந்தது. ஊராருக்கு நேரும் நஷ்டத்துக்கான காப்புத் தொகை வெறும் பத்து லட்சம் டாலர். நடந்த நாசமோ பத்துக் கோடி டாலருக்கும் மேல். அந்தப் பத்து லட்சம்கூடக் கட்டாயமில்லை. இத்தகைய கிடங்கு இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகவேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் கேட்கவில்லை.

நம் நாட்டில் கேட்கிறது. போபால் கொடுமைக்குப் பின், அபாயப் பொருள் கையாளுவோர் இன்ஷூரன்ஸ் எடுத்தே தீரவேண்டும் என்று 1991-இல் சட்டம் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் உயிருக்கு அந்தச் சட்டம் பிறந்தபோது வைத்த விலை 25,000 ரூபாய்! தொழிலாளி அதிலும் சேர்த்தியில்லை. அவனுக்கு வேறு சட்டம் இருக்கிறதாம்.

சரக்குக்கான தீ இன்ஷூரன்ஸ் பத்திரத்தைப் புரட்டினால் இன்னும் வேடிக்கை. நீண்ட காலம் இங்கே வழங்கிவந்த பொதுப் பத்திரத்தின் நிபந்தனைகளைக் கேளுங்கள். கட்டடத்தில் நடக்கும் தொழிலை மாற்றி அபாயத்தைக் கூட்டினால், கம்பெனியின் ஒப்புதல் இல்லையேல், காப்பு போயிற்று. முப்பது நாளுக்கு மேல் கட்டடம் ஆளற்றுக் கிடந்தாலும் அப்படியே. ஈரப் பருத்தியும் நிலக்கரியும் குவியலுக்குள் தாமே சூடேறிப் பற்றுவதுண்டு. தனியே பிரீமியம் கட்டாவிட்டால் அந்தச் சரக்குக்கு ஈடு கிடையாது. அரிசிக்கு என்று எழுதிய குடோனில் பெயின்ட் டப்பாவும் தின்னரும் அடுக்கியவர், எரிந்த மறுநாள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால், சர்வேயர் முதலில் கேட்பது "உள்ளே என்ன வைத்திருந்தீர்?" என்பதுதான்.

ஈடு வராவிட்டால் முதலாளிக்கு நட்டம், உண்மை. குடோன் மூடப்பட்டால் கூலி போவது யாருக்கு? பாக்கிச் சம்பளம் யாருடையது? அதற்கும் முன்னே, கூரை முட்ட அடுக்கிய மூட்டைகளுக்கு நடுவே, தொங்கும் ஒயருக்குக் கீழே நின்றவன் யார்?

அந்த ஒயரை முதலில் பார்க்கிறவன் நம் தோழன்தான். தரையில் ஈரம் ஊறுவதும், மூட்டைக்கடியில் கட்டை போடாததும், வெளியேறும் கதவை அடைத்துச் சரக்கை வைத்ததும் அவனுக்குத் தெரியும். ஆனால், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆள் வந்து பார்த்து எழுதிய குறைகள் மட்டும் அவனுக்குத் தெரிவதில்லை. அந்தக் காகிதம் முதலாளியின் மேசைக்குள் தூங்குகிறது.

ஆகவே கேட்கிறோம்: கம்பெனி குறை கண்டு எழுதும் குறிப்பின் நகல் தீயணைப்புத் துறைக்கும் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் போகட்டும். குறை திருந்தாததால் காப்பு மறுக்கப்பட்டால், அன்றைக்கே இவர்களுக்குத் தகவல் போகச் சட்டம் செய்யட்டும். இன்னொரு நகல், நல்ல தமிழில், குடோன் வாசலில் ஒட்டப்படட்டும். சங்கத் தோழர்கள் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது, கூலி உயர்வோடு சேர்த்து இதையும் மனுவில் எழுதிக்கொண்டு போகவேண்டும்.