பேஸ்மென்ட் பெட்டிக்கு யார் பொறுப்பு?

இந்தக் கிழமை எபிசோட்டில் மின்நூலகங்களைப் பற்றிக் கதைத்தோம். கதை முழுக்க ஸ்கானர், சேவர், ஏஐ எண்டே போய்விட்டது. எனக்குச் சொல்ல இருந்த விசயம் வேறை, அதை இங்கே எழுதுகிறேன்.

தமிழ் மின்நூலகங்களுக்கு இப்ப இருக்கிற பெரிய தட்டுப்பாடு தொழில்நுட்பம் இல்லை. எங்கட வீடுகளில் மட்டும் கிடைக்கிற மூன்று சாமான்கள்தான்: ஒரு பெட்டி, ஒரு கையெழுத்து, ஒரு ஞாபகம். மூன்றையும் தரக்கூடிய ஆட்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கினம். அவர்களிடம் போய்க் கேட்கிற வேலை எங்கட தலைமுறையுடையது.

முதல்ல நல்லதைச் சொல்லுவோம். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்ட கதையைக் கேட்டுத்தான் எங்களில் கனபேர் வளர்ந்தோம். ஏறத்தாழ 97,000 நூல்கள் போனதாகக் கணக்கு. கடையில் திரும்ப வாங்கக் கூடியவையும் அதில் இருந்தன, வேறு பிரதி கிடைக்காதவையும் இருந்தன. அந்தக் கதையிலிருந்து கோபம் வருவது நியாயம். அதோடு இன்னொரு பாடமும் இருக்கு: ஒரே ஒரு பிரதிதான் இருக்கு எண்டால், அது பாதி தொலைந்த மாதிரித்தான்.

அந்தப் பாடத்தைச் சிலர் வேலையாக்கினார்கள். 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், வெவ்வேறு நாடுகளில் இருந்த தொண்டர்கள் பழந்தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சுச் செய்து இலவசமாக வெளியிட்டார்கள். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம், இலங்கைத் தமிழரின் புத்தகங்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து இணையத்தில் வைத்தது. இண்டைக்கு அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் இருக்கு. யாழ்ப்பாணத்தில் 1966 இல் தொடங்கிய மல்லிகை சஞ்சிகையின் பழைய இதழ் ஒன்றை ஒஸ்லோவில் பஸ்ஸில் இருந்துகொண்டு வாசிக்கலாம். எங்கட பெற்றோருக்கு இருபது வயதில் இது கனவிலும் வந்திராது.

ஆனால் இணையத்தில் ஏற்றிவிட்டால் பத்திரம் எண்டு நினைக்க ஏலாது. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகளைக் கப்பம் கேட்கிற ஹக்கர்கள் முடக்கினார்கள். அருகிவரும் ஆவணங்களைப் படம்பிடிக்கும் திட்டம் ஒன்று அந்த நூலகத்துக்கு இருக்கு. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் எடுத்த படங்களும் அதில் உண்டு. அந்தத் தளமும் பல மாதம் கிடைக்கவில்லை. 2024 ஒக்டோபரில் இன்டர்நெட் ஆர்க்கைவும் தாக்கப்பட்டுச் சில நாட்கள் மூடிக் கிடந்தது. எத்தனையோ தமிழ்ப் புத்தகங்கள் அங்கேதான் இருக்கு. நெருப்புக்குப் பதில் ஹக்கர், அவ்வளவுதான் வித்தியாசம். காகிதமோ கணினியோ, பல இடத்தில் பல பிரதி இருந்தால்தான் தப்பும்.

இப்ப அந்த மூன்று சாமான்களுக்கு வருவோம்.

முதலாவது பெட்டி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புலம்பெயர்ந்து வந்தவர்கள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் எத்தனையோ சிறு சஞ்சிகைகள் நடத்தினார்கள். ஜெர்மனியில் தூண்டில், நோர்வேயில் சுவடுகள் எண்டு பட்டியல் நீளம். பெரும்பாலானவை சில நூறு பிரதிகள் போட்டவை, போட்டோக்கொப்பி எடுத்துத் தபாலில் அனுப்பியவையும் உண்டு. ஊர்ச் சங்க விழா மலர்கள், பழைய மாணவர் மலர்கள், செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவு மலர்கள் வேறை. நினைவு மலரை நாங்கள் தேவாரப் புத்தகம் எண்டு நினைத்துத் தட்டில் போட்டுவிடுவோம். திறந்து பாருங்கோ. ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறையும், ஒரு ஊரின் வரலாறும் அதுக்குள்ளே இருக்கும். எந்த அரசாங்க ஆவணக்காப்பகத்திலும் அது இருக்காது. வீடு விற்கிற நேரம் முதலில் குப்பைக்குப் போவதும் இதுதான்.

இரண்டாவது கையெழுத்து. இதைத்தான் ஆட்கள் யோசிக்கிறதில்லை. கனடாவில் பதிப்புரிமைக் காலம் 2022 இன் கடைசியில் ஆசிரியர் இறந்து 50 வருடம் எண்டதிலிருந்து 70 வருடமாகக் கூடியது. இந்தியாவில் 60. அப்படியெண்டால், ஸ்காபரோவில் சொந்தக் காசில் ஒரு கவிதைப் புத்தகம் போட்டுவிட்டு 1990 இல் காலமான ஒருவரின் உரிமை இங்கே 2060 முடியும்வரை வாரிசுகளிடம். அந்த வாரிசு நீங்களாக இருக்கலாம்! ஒழுங்காக நடக்கிற மின்நூலகம் ஒன்று அனுமதி இல்லாமல் அந்தப் புத்தகத்தைத் திறந்துவிடாது. யாரைக் கேட்பது எண்டும் அதுக்குத் தெரியாது. பதிப்பகம் மூடியாச்சு, பழைய விலாசத்தில் ஆள் இல்லை. புத்தகம் ஸ்கான் செய்தும் பூட்டுக்குள்ளே கிடக்கும். தாத்தாவின் புத்தகத்தை எல்லாரும் வாசிக்கலாம் எண்டு குடும்பம் ஒப்பமிட்டு எழுதுகிற ஒரு பக்கக் கடிதம் போதும், பூட்டுத் திறக்கும்.

மூன்றாவது ஞாபகம். போன வருடம் அம்மம்மாவிடம் ஒரு பழைய பள்ளிக்கூட மலரைக் காட்டினேன். குழுப் படம் ஒன்று, கீழே பெயர் எதுவும் இல்லை. பதினாலு பேரில் பதினொரு பேரின் பெயரை ஊரோடு சொன்னா. அதில் ஒருவர் என்ன புனைபெயரில் கதை எழுதினார் எண்டும் சொன்னா. எங்கட எழுத்தாளர்களுக்குப் புனைபெயர் ஒன்று போதாது, மூன்று நாலு வைத்திருப்பார்கள். ஆரார் எண்டு தெரிந்த ஆட்கள் போய்விட்டால், தேடுபொறிக்கு அவர்கள் எல்லாரும் வேறு வேறு ஆட்கள்தான்.

"ஏஐ எல்லாத்தையும் வாசித்துவிடும்தானே?" எண்டு எபிசோட்டில் கேள்வி வந்தது. ஓரளவுக்கு உண்மை. எழுத்துணரி மென்பொருள்கள் இப்ப தெளிவான தமிழ் அச்சை நல்லாகவே வாசிக்கின்றன. மங்கின பத்திரிகைத்தாள், நெருக்கமான பத்திகள், கையெழுத்து எண்டு வந்தால் திணறும். தமிழ்நாட்டில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, றா போன்ற எழுத்துகளுக்கு வேறு வடிவம் இருந்தது, அதிலும் தடுக்கி விழும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கோப்பை அப்படியே திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், யுனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதெல்லாம் தீர்க்கக்கூடிய பிரச்சினைகள். தீர்ந்தால் எங்களுக்குத்தான் பெரிய லாபம். பக்கம் வெறும் படமாக இருந்தால் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். எழுத்தாக மாறினால் போன் வாசித்துக் காட்டும். வாசிக்கக் கஷ்டம், கேட்டால் விளங்கும் எண்டு சொல்கிற ஆட்கள் எங்களில் எத்தனை பேர்?

ஆனால் ஸ்கான் செய்யாத பெட்டியை எந்த ஏஐயும் வாசிக்காது. அம்மம்மாவின் பதினொரு பெயரை எந்த மொடலும் ஊகித்துச் சொல்லாது. சொன்னாலும் நம்பாதேங்கோ.

ஒரு எச்சரிக்கையும் வேணும். எல்லாத்தையும் உடனே திறந்து போடுவது நல்லதில்லை. போர்க்காலக் கடிதங்களிலும் படங்களிலும் உயிரோடு இருக்கிறவர்களின் பெயர் இருக்கும், சிலருக்கு அங்கே இன்னும் சொந்தக்காரர் இருக்கினம். நினைவு மலரில் வீட்டு விலாசமே இருக்கும். பாதுகாப்பது வேறு, பகிரங்கப்படுத்துவது வேறு. இப்போதைக்கு மூடி வையுங்கோ எண்டு மின்நூலகத்திடம் கேட்கலாம். வீட்டில் ஒருவர் வேண்டாம் எண்டு சொன்னால் அதையும் மதிக்க வேணும்.

இந்த வார விடுமுறைக்கு ஒரு வேலை தருகிறேன். வீட்டில் மூத்தவரோடு ஒரு பெட்டியைத் திறவுங்கோ. எடுத்ததை நூலகம் தளத்தில் தேடிப் பாருங்கோ, இருந்தால் திரும்ப ஸ்கான் செய்ய வேண்டாம். இல்லாவிட்டால் அட்டையையும் ஆண்டும் அச்சகமும் போட்ட பக்கத்தையும் முதலில் படமெடுங்கோ. ஸ்கானர் இருந்தால் 300 டிபிஐக்குக் குறைய வேண்டாம், இல்லையெண்டால் நல்ல வெளிச்சத்தில் போனே காணும். முதுகைப் பிரிக்காதேங்கோ. கோப்புக்குத் தலைப்பும் ஆண்டும் வைத்துப் பெயர் போடுங்கோ. மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். படமெடுக்கிற நேரம் பக்கத்தில் போனின் ஒலிப்பதிவை ஓட விடுங்கோ, கதை தானாக வரும்.

தேத்தண்ணியும் போட்டுக் கொடுங்கோ. ஒரு பெட்டிக்கு இரண்டு மணித்தியாலம் போகும், பேசிக்கொண்டிருந்தால் மூன்று.