பருவம் விடை தரட்டும்

கேரவன் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்க்குத் திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஊர்தியே நினைவுக்கு வரும். ‘கார்வான்’ என்னும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது அது. ஒட்டகங்களோடு கூட்டமாகப் பாலை கடக்கும் வணிகரைக் குறித்தது. தமிழில் அதற்கு நேரான சொல் ‘சாத்து’. உப்பேற்றிய வண்டிகளோடு ஊர்தோறும் சென்ற உமணரின் சாத்தினைச் சங்க நூல்கள் நமக்குக் காட்டுகின்றன. இன்றோ ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் அச்சொல், காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீட்டைக் குறிக்கின்றது. படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் அமைந்த அவ்வீட்டில் குடும்பங்கள் மாதக்கணக்கில் நாடு சுற்றுகின்றன.

சொல்லின் பொருள் மாறியதில் நமக்கு வருத்தமில்லை. ஆயின், பழைய சாத்து புறப்படுமுன் பருவத்தையும் வழியறிந்தாரையும் கேட்டது. வீட்டையே உடன் இழுத்துச் செல்வார்க்கு அவ்வாறு கேட்பது தேவையற்றதாகத் தோன்றுகின்றது. அத்தோற்றம் உயிரைப் பறிக்கக் கூடியது என்பதே ஈண்டு நாம் சொல்ல விழைவது.

ஆஸ்திரேலியாவின் வடபகுதி வெப்ப மண்டலத்தைச் சார்ந்தது. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயற்பருவம். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட, இதமான காலம். பணி ஓய்வு பெற்ற முதியோர் பலர் அவ்விதமான காலத்தில் கேரவனோடு வடக்கே சென்று, மழைக்கு முன்பே தெற்கே திரும்பிவிடுகின்றனர். அவர்களை அந்நாட்டார் ‘நரைத்த நாடோடிகள்’ என்று அன்போடு அழைப்பர். ஆனால் பள்ளிகளின் நெடிய கோடை விடுமுறையோ டிசம்பரிலும் சனவரியிலும் வருகின்றது. குழந்தைகளோடு புறப்படும் குடும்பத்தினர்க்கு விடுமுறையும் புயலும் ஒருங்கே வந்து சேர்கின்றன.

கேரவன் என்பது எடை குறைந்த, பக்கச் சுவர் அகன்ற ஒரு பெட்டி. குறுக்கே வீசும் காற்று அதனை ஆட்டும். அது ஆடினால் இழுக்கும் காரும் நிலைகுலையும். சாலையின்மேல் ஓடும் நீர் முழங்காலளவே இருப்பினும் பெரிய ஊர்தியையும் மிதக்கச் செய்து தள்ளிவிட வல்லது. நீருக்கடியில் சாலை இருக்கின்றதா, அரித்துச் செல்லப்பட்டதா என்பதைக் கரையில் நிற்பவர் அறிய இயலாது. நீர் பெருகுவதைக் கண்டு பின்வாங்கவும், இழுவண்டி பூட்டிய கார் எளிதில் திரும்பாது. புயல் வந்துவிட்டாலோ அச்சக்கர வீடு புகலிடமாகாது. அதனை விட்டு நீங்கி, உறுதியான கட்டடத்தைச் சேர்வதே வழி.

“செயற்கைக்கோளும் கைப்பேசியும் உள்ள காலத்தில் இவ்வளவு அச்சம் வேண்டுமோ?” என்று இளைஞர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆயினும் எச்சரிக்கை கிடைப்பது வேறு, அதற்குச் செவிசாய்ப்பது வேறு. 1974 டிசம்பர் தொடக்கத்தில் செல்மா என்னும் புயல் டார்வின் நகரை அச்சுறுத்திப் பின் விலகிச் சென்றது. அம்மாத இறுதியில் ட்ரேசி புயல் பற்றிய எச்சரிக்கை வந்தபோது, இதுவும் அதுபோல் விலகிவிடும் என்று பலர் எண்ணினர். பண்டிகைக் கொண்டாட்டத்தில் மூழ்கியும் இருந்தனர். டிசம்பர் 25 அதிகாலையில் அந்நகரம் சிதைந்தது. 66 பேர் மாண்டனர். 30,000க்கும் மேற்பட்டோர் நகரை விட்டே வெளியேற்றப்பட்டனர். வாராது போன புயல், வந்த புயலினும் கொடியதாயிற்று. ஏனெனில் அதுவே மக்களின் அச்சத்தைத் துடைத்துச் சென்றது.

வலுவிழந்த புயலையும் எளிதாக எண்ணலாகாது. 2022 டிசம்பரில் கரையேறிய எல்லி புயல் வலுவிழந்த பின்னும் உள்நாட்டில் அலைந்து, 2023 சனவரித் தொடக்கத்தில் கிம்பர்லி வட்டாரத்தில் பெருமழை பெய்வித்தது. ஃபிட்ஸ்ராய் ஆறு பெருக்கெடுத்து, ஃபிட்ஸ்ராய் கிராசிங் என்னும் ஊரில் பெருஞ்சாலைப் பாலத்தைச் சிதைத்தது. புதிய பாலம் அவ்வாண்டு டிசம்பரில்தான் திறக்கப்பட்டது.

இத்தகைய நிலத்தில் பருவத்தை மதியாமற் சென்ற பழைய சாத்து ஒன்றின் வரலாறும் உண்டு. 1860இல் கராச்சியிலிருந்து 24 ஒட்டகங்கள் ஒட்டகக்காரரோடு மெல்போர்னுக்குக் கொண்டுவரப்பட்டன. கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கும் பர்க், வில்ஸ் பயணத்திற்காகவே அவை வந்தன. அவ்வாண்டு டிசம்பர் 16இல் கூப்பர் ஓடையிலிருந்து நால்வர் மட்டும் ஆறு ஒட்டகங்களும் ஒரு குதிரையும் கொண்டு வடக்கே விரைந்தனர். அந்நால்வருள் அந்த ஒட்டகக்காரர் எவரும் இல்லை. 1861 பிப்ரவரியில், மழை கொட்டும் பருவத்தில், கார்பென்டேரியா வளைகுடாவை அண்மினர். சேற்றில் ஒட்டகங்கள் செல்லமாட்டாமையின் அவற்றை இருவரோடு நிறுத்திவிட்டு, பர்க்கும் வில்ஸும் முன்னே சென்றனர். சதுப்பு நிலமும் அலையாத்திக் காடும் மறிக்கவே, திறந்த கடலைக் காணாமலே திரும்பினர். திரும்பும் வழியிலும் மழையும் சேறும் அவர்களை வருத்தின. வழியில் ஒருவர் இறந்தார். ஏப்ரல் 21 மாலையில் எஞ்சிய மூவர் கூப்பர் ஓடையை அடைந்தபோது, காத்திருந்த குழுவினர் அன்று காலையில்தான் புறப்பட்டுச் சென்றிருந்தனர். பர்க்கும் வில்ஸும் அவ்விடத்தை அடுத்தே மாண்டனர். யாண்ட்ருவாண்டா என்னும் தொல்குடியினர் உணவளித்துக் காத்த கிங் ஒருவரே பிழைத்தார். அவர்களைக் கொன்றது மழை மட்டுமே என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சில மணி நேரத்தில் உயிர் தப்பியிருக்கக்கூடிய பயணத்தில், சேற்றில் இழந்த ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டல்லவா?

அதே கடற்கரைக்கு அதே மழைப்பருவத்தில் ஆண்டுதோறும் வந்து திரும்பியோரும் இருந்தனர். இன்றைய இந்தோனேசியாவின் மக்காசார் நகரத்து முஸ்லிம் மாலுமிகள், கடல் அட்டை எடுப்பதற்காக டிசம்பரில் வடமேற்குக் காற்றோடு பாய்மரக் கலங்களில் வருவர். தென்கிழக்குக் காற்று எழும் வரை கரையோரம் தங்கித் தொழில் செய்து திரும்புவர். 1907 வரை இப்போக்குவரத்து நீடித்தது. ‘மான்சூன்’ என்று உலகம் வழங்கும் சொல், பருவத்தைக் குறிக்கும் ‘மவ்ஸிம்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. காற்றின் தவணை அறிந்து கலம் செலுத்தியோர் உலகிற்கு அளித்த சொல் அது.

அந்நிலத்து மக்களின் அறிவு இன்னும் நுட்பமானது. குடியேறியோர் மழைக்காலம், வறண்ட காலம் என இரண்டே பருவம் கண்ட இடத்தில், காக்கடு பகுதியின் தொல்குடியினர் ஆறு பருவம் கண்டனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்த தமிழர்க்கு இது வியப்பும் உவகையும் தருவது. இடிமின்னல் தொடங்கும் ‘குனுமெலெங்’ பருவத்திலேயே அம்மக்கள் வெள்ளச் சமவெளியை விட்டுப் பாறைப் புகலிடங்களுக்கு இடம்பெயர்ந்தனர். பெருமழை வருமுன்னரே பயணம் முடிந்துவிடும்.

புயற்பருவத்தில் அங்கே எவரும் செல்லவே கூடாது என்பதன்று நம் கருத்து. அருவிகள் பேரழகோடு வீழ்வதும், நிலம் பசுமை போர்ப்பதும் அப்போதுதான். செல்வோர் நாட்களைக் கூடுதலாக வைத்துக்கொண்டு செல்லட்டும். உணவும் குடிநீரும் மிகையாகக் கொள்ளட்டும். சாலை நிலையை அவ்வூராரிடம் கேட்டறியட்டும். ‘விடுமுறை முடிகிறது, வாடகை ஏறுகிறது, இன்றே கடந்தாக வேண்டும்’ என்னும் அவசரமே பலரை வெள்ளத்தில் இறக்குகின்றது. இரண்டு நாள் வாடகைக்கு அஞ்சி ஒரு குடும்பத்தையே ஆற்றில் இறக்குவது என்ன கணக்கு?

இக்கேள்வி அந்நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. ஐப்பசி, கார்த்திகையில் சுரங்கப்பாதை நீரில் வண்டியை இறக்கி மாண்டோரின் செய்தியை நாமும் படித்திருக்கின்றோம். “கொஞ்சம் தண்ணீர்தானே, போய்விடலாம்” என்னும் சொல் எந்நாட்டிலும் ஒன்றே.

புறப்படுவோரை வாழ்த்தி வழியனுப்பும் நாம், தங்கிவிட்டவரைக் கோழை என்று நகைக்கின்றோம். இவ்வழக்கம் ஒழிய வேண்டும். வெள்ளத்தின் கரையில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பவரை மதிக்கப் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் பழக வேண்டும்; அப்போது பிள்ளைகளும் பழகுவர். மாணவச் செல்வங்களே, உலகெங்கும் பயணம் செய்யுங்கள், அதில் தடையில்லை. பெற்றோரிடம் விடைபெறுவது போலவே பருவத்திடமும் விடைபெற்றுப் புறப்படுங்கள்.